போத்தலுக்குள் போட்ட திருநீறு

இதை எழுதுவதா விடுவதா என்று எனக்குள் நானே இழுபட்டுக்கொண்டிருந்து ஆறேழு வருடங்கள் போய்விட்டன. கொப்பியும் பேனையும் எடுத்து வைத்துக்கொண்டு மேசையடியில் இருப்பேன். இரண்டு வரி எழுதுவேன். பிறகு குசினியில் ஏதோ வேலை கிடக்கிறது என்று எழும்பிப் போய்விடுவேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் எழுதத் தெரியாததால் நின்றுபோகவில்லை. திருநீற்றையும் பியரையும் ஒரே பக்கத்தில் எழுதக் கை கூசியது.

நான் எழுதாவிட்டாலும் கதை ஊருக்குள் பரவிவிட்டது. மருமகள் பியர் வேலைக்குப் போகக்கூடாது என்று மாமியார் திருநீறு போட்டுக் கெடுத்தாளாம் என்று போய்விட்டது. அந்த மாமியார் நான்தான். திருநீறு போட்டதும் நான்தான். கெடுக்கத்தான் போட்டேனா என்பதை நான் சொல்லாவிட்டால் வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை.

நாங்கள் ஊரைவிட்டு வெளிநாடு வந்து இருப்பது ரெக்ஸ்டேலில். நானும் என் கணவரும், மகனும் மருமகளும் ஒரே வீடு. மகன் பெரிய ட்ரக் ஓடுகிறவன். மேற்குப் பக்கம் போனால் இரண்டு கிழமைக்கு வரமாட்டான். மருமகள் இங்கேயே பிறந்தவள். தமிழ் முழுக்க விளங்கும், பேசும்போது பாதிதான் வரும். தயிர், பால்கட்டி எல்லாம் சோதித்துப் பார்க்கிற ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். அந்த ஆய்வுகூடத்தை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் இருந்த நாட்களில்தான் பியர் காய்ச்சத் தொடங்கினாள்.

எங்கள் வீட்டுக்குள் அதுவரை அந்தச் சாமான் வந்ததில்லை. என் கணவர் இளவயதில் வெளியே என்ன செய்தார் என்பது வேறு கதை. நான் செவ்வாய், வெள்ளி மச்சம் மாமிசம் சமைக்காதவள். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருப்பவள். மருமகள் என்னிடம் வந்து, "மாமி, பேஸ்மென்ட்ல ஒரு கோர்னர் மட்டும் தாங்கோ. மேல கொண்டுவர மாட்டன்," என்று கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை. வேலை போன பிள்ளை. ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். சாமியறைக்கு நேர் கீழே வைக்கக்கூடாது.

அதற்காக அன்று ஒரு அளவை நடந்தது. என் கணவர் சாமியறைக்குள் நின்று வீடு கூட்டுகிற தும்புத்தடியால் நிலத்தில் தட்டினார். மருமகள் கீழே நின்று சத்தம் எங்கே கேட்கிறது என்று சோக்கட்டியால் கோடு போட்டாள்.

"பிள்ளை, இதிலதான் முருகன் நிக்கிறார்!" என்று அவர் மேலிருந்து கத்தினார். "இதில பிள்ளையார். இதில குத்துவிளக்கு. எண்ணெய்ப் போத்தலையும் கணக்கில எடுக்கிறதோ?"

"மாமா, கோடு போட்டா பேஸ்மென்டில இடமே இல்லை! லோன்ட்ரி மெஷின் மட்டும்தான் மிச்சம்!"

கடைசியில் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில்தான் அவளுடைய பழைய பிரிட்ஜும் கெக்கும் நின்றன. கெக் என்பது நீட்டமான ஒரு உருக்குப் பீப்பாய். பியரை அதற்குள் விட்டு, பக்கத்தில் ஒரு காஸ் சிலிண்டரைப் பூட்டி, அமுக்கத்தோடு வைத்திருப்பார்கள். அந்த அமுக்கத்தால்தான் பியருக்குள் காஸ் ஏறுகிறது. மேலே ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு பிடி. அமுக்கினால் வரும்.

இது எல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், உடுப்புத் தோய்க்கப் போகிற சாட்டில் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் நாள் வந்த மணம் எனக்குப் பழகிய மணமாக இருந்தது. தோசைக்கு அரைத்த மா இரவு முழுக்கப் பொங்கிக் காலையில் மூடியைத் திறந்தால் வருமே, கிட்டத்தட்ட அது. சொன்னேன். அவள் துள்ளினாள். "அதேதான் மாமி! கண்ணுக்குத் தெரியாத ஆக்கள் மாவைச் சாப்பிட்டுக் காஸ் விடுகினம். நீங்கள் தோசை சுடுறீங்கள், நான் போத்தல்ல விடுறன்." அன்றிலிருந்து தோசைச் சட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆட்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து கார் ஓடினால் பத்து நிமிடத்தில், தொழிற்சாலைகள் நிற்கிற ஒரு தெருவில், பியர் காய்ச்சுகிற சின்ன இடம் ஒன்று இருந்தது. அங்கே ஆள் தேவைப்பட்டது. மருமகள் விண்ணப்பித்தாள். நீ காய்ச்சியதில் ஆறு போத்தல் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கொண்டுவந்து தா, குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கெக்கோடு கொண்டுபோக ஏலாது, போத்தல்தான் வேண்டுமாம். போத்தலில் ஒழுங்காக அடைக்கத் தெரிகிறதா என்பதும் அவர்களுக்கு ஒரு சோதனை.

அப்போது கெக்கில் அதிகம் மிச்சமில்லை. முந்தின கிழமை மகனுடைய சிநேகிதர்கள் வந்து பின் வளவில் இறைச்சி சுட்டுத் தின்றுவிட்டு முக்கால்வாசியைக் காலி பண்ணியிருந்தார்கள். அவள் கெக்கை ஆட்டிப் பார்த்து, "ஒரு பத்துப் பன்னிரண்டு போத்தல் வரும்," என்றாள். புதிதாகக் காய்ச்சிப் புளிக்க வைக்க மூன்று கிழமையாவது வேண்டும். அதனால் அந்தக் கெக்தான் அவளுடைய வேலை. இருந்தால் வேலை, போனால் இல்லை.

புதன்கிழமை இருபத்துநாலு கபில நிறப் போத்தல்களைக் கழுவி, கிருமி கொல்லுகிற மருந்து விட்டு அலசி, ஒவ்வொன்றின் வாயையும் ஈயத்தாளால் மூடி, குளிரட்டும் என்று பிரிட்ஜில் அடுக்கி வைத்தாள்.

வியாழக்கிழமை காலை நான் விளக்கேற்றிக் கும்பிட்டேன். மனம் கேட்கவில்லை. மகன் புது ட்ரக் எடுத்தபோது அதன் ஸ்டியரிங்கில் திருநீறு பூசியிருக்கிறேன். சோதினைக்குப் போகிற பிள்ளைகளின் பேனையில் பூசியிருக்கிறேன். காய்ச்சல்காரருக்குத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பிள்ளையின் காரியத்துக்கு மட்டும் ஏன் இல்லை? பியருக்குள் போட்டால் பாவம். வெறும் போத்தலுக்குள் போட்டால்? போத்தல் என்ன பாவம் செய்தது? இப்படி எனக்கு நானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டு, றிச்மண்ட் ஹில் கோயிலில் வாங்கி வந்த திருநீற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

ஈயத்தாளைக் கழற்றி, கடதாசியைச் சுருட்டி, ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒரு சிட்டிகை. "முருகா, நல்லபடி வரவேணும்." பிறகு பழையபடி மூடினேன். பதினொரு போத்தல் முடிந்தபோது பிக்கரிங்கில் இருக்கிற என் தங்கச்சி போனில் கூப்பிட்டாள். மேலே வந்து கதைத்தேன். கதை முடிந்தபோது அரிசி போடுகிற நேரம் வந்துவிட்டது. மிச்சத்தை மறந்துபோனேன்.

பின்னேரம் மருமகள் பியரை அடைக்கத் தொடங்கினாள். நான் உடுப்பு மடித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தார். மருமகள் முன்வரிசையில் ஒரு போத்தலை எடுத்து, குழாயை உள்ளே விட்டுத் திறந்தாள். பியர் கால் போத்தல்கூட ஏறவில்லை, வெள்ளை நுரை குபுகுபுவென்று கழுத்துக்கு வந்து, வெளியே வழிந்து, அவள் கையை நனைத்து நிலத்தில் ஓடியது.

"கிழக்காலயோ வடக்காலயோ பொங்கினது எண்டு பாரும்," என்றார் என் கணவர் என்னிடம். "தைப்பொங்கல் இந்த முறை வெள்ளண வந்திட்டுது."

நான் சிரித்தேன். அந்த நேரத்தில் எனக்குள் வேறு ஒன்றும் வந்துபோனது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதும், நாலாவதும். நுரை அடங்கினால் அடியில் மூன்று விரல் பியர்தான். மருமகள் நிறுத்தினாள். பதறுகிற பிள்ளை இல்லை அவள். ஒவ்வொன்றாக யோசித்தாள். காஸ் அமுக்கம் கூடவோ? சிலிண்டரைக் குறைத்து, கெக்கின் மேல்வாயைத் திறந்து உள்ளே இருந்த காஸை உஸ்ஸென்று வெளியே விட்டாள். பியர் சூடோ? கெக்கைச் சுற்றி ஐஸ் கட்டினாள். குழாய் கட்டையோ? நீட்டமான குழாய் ஒன்றைப் பூட்டினாள். வழி நீளமென்றால் பியர் களைத்து ஆறுதலாக வருமாம். மேலேயிருந்து விழுந்தால் நுரைக்கும் என்று குழாயின் நுனி போத்தலின் அடியைத் தொடுகிற மாதிரிப் பிடித்தாள்.

பிறகு குசினியிலிருந்து ஒரு கண்ணாடி ஜக்கை வாங்கி அதில் கொஞ்சம் விட்டுப் பார்த்தாள். அழகாக ஏறியது. மேலே இரண்டு விரல் நுரை, அவ்வளவுதான்.

"ஓகே! சரிவந்திட்டுது!"

ஐந்தாவது போத்தல். பொங்கியது. ஆறாவது, அதுவும் பொங்கியது.

"ஜக்ல ஓகே, போத்தல்ல இல்லை," என்று முணுமுணுத்தாள். "வட் இஸ் திஸ்?"

"தள்ளும் பிள்ளை, நான் ஒருக்காப் பிடிச்சுப் பாக்கிறன்," என்று என் கணவர் எழும்பினார். பிரிட்ஜுக்குள் கையை நீட்டிப் பின்வரிசையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். குழாயை விட்டார். பியர் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஏறிக் கழுத்தில் போய் நின்றது. ஒரு துளி வழியவில்லை.

"பாத்தீரே?" என்று என்னைப் பார்த்தார். "கைராசி! நாப்பது வருசமா இந்தக் கையை வைச்சுக்கொண்டு நீர் மரக்கறி வெட்ட விட்டனீர்."

அடுத்ததை முன்வரிசையிலிருந்து எடுத்தார். நுரை அவருடைய சட்டை முழுக்க அடித்தது.

"கைராசி எங்க போனது?" என்று கேட்டேன்.

"அது ஒரு தரத்துக்குத்தான்," என்றார் சட்டையைப் பிழிந்துகொண்டு.

மருமகள் சிரிக்கவில்லை. குழாயை வைத்துவிட்டுப் படியில் இருந்தாள். "பியர்தான் பழுது போல கிடக்கு மாமி. கெட்ட கிருமி ஏதும் புகுந்திருக்கும். அப்படி எண்டா உள்ளுக்குள்ளயே காஸ் கூடிக்கூடிப் பொங்கும். இதை அவைக்குக் குடுக்க ஏலாது. வரமாட்டன் எண்டு மெசேஜ் போடப்போறன்." பிறகு, "குளிச்சிட்டு வந்து போடுறன்," என்று மேலே போய்விட்டாள்.

நான் குசினியில் வந்து நின்றேன். அந்த ஒரு போத்தல் ஏன் பொங்கவில்லை? இது எனக்கு விடமுடியாத கேள்வியாகிவிட்டது. ஜக்கும் பொங்கவில்லை. ஜக்குக்கும் அந்தப் போத்தலுக்கும் என்ன ஒற்றுமை? அவர் எடுத்தது பின்வரிசை. நான் போன் எடுக்க ஓடியது பதினொன்றோடு. நான் தொட்டதெல்லாம் முன்வரிசை.

திருநீறுதான் வேலை காட்டியிருக்கிறது. ஆனாலும் உறுதியாகத் தெரியவேண்டும். பியரைத் தொட எனக்கு மனமில்லை. பிரிட்ஜில் இஞ்சிச் சோடா இருந்தது. இரண்டு கிளாஸில் ஊற்றினேன். ஒன்றில் ஒரு சிட்டிகை திருநீறு போட்டேன். போட்ட கை எடுக்கவில்லை, சோடா உயிர் வந்தது போலச் சீறி எழும்பி மேசையில் வழிந்தது. மற்றக் கிளாஸ் சும்மா இருந்தது.

அதோடு நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. உப்புப் போட்டுப் பார்த்தேன். பொங்கியது. சீனி, பொங்கியது. அரிசிமா, மிளகுதூள். கை தன்பாட்டில் அடுத்த டப்பாவைத் திறந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் இது திருநீற்றின் கோபமோ அருளோ இல்லை. தூள் எதுவாக இருந்தாலும் இதுதான் நடக்கும். ஏன்?

என் கணவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "என்ன, சோதினை நடக்குதோ? எப்ப றிசல்ட்?"

"இஞ்சாருங்கோ, நான்தான் போத்தலுக்குள்ள திருநீறு போட்டனான்."

அவர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓடிப்போய்ச் சொல்லும்," என்றார். "அவள் மெசேஜைப் போடப்போறாள்."

மருமகள் தலையில் துவாயோடு கட்டிலில் இருந்தாள். மடியில் கம்ப்யூட்டர். நான் வாசலில் நின்றே சொன்னேன். "பிள்ளை, பியர் பழுதில்லை. நான் காலமை போத்தலுக்குள்ள திருநீறு போட்டனான். பதினொண்டுக்குப் போட்டனான்."

அவள் தலையிலிருந்த துவாயைக் கழற்றினாள்.

"ஏன் மாமி?"

"நல்லா வரட்டும் எண்டு."

அவள் கம்ப்யூட்டரை மூடினாள். "எவ்வளவு போட்டனீங்கள்? காட்டுங்கோ."

குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய், இஞ்சிச் சோடாவில் இன்னொருமுறை செய்து காட்டினேன். அவள் கன்னத்தை மேசையில் வைத்துக் கிளாஸைப் பக்கவாட்டில் பார்த்தாள். பிறகு எனக்கு விளக்கினாள். பியருக்குள் காஸ் அமுக்குப்பட்டு ஒளிந்திருக்கிறது. வெளியே வர அதற்கு ஒரு பிடி வேண்டும். ஒவ்வொரு தூளும் அதற்கு ஒரு கதவு. நான் போட்ட ஒரு சிட்டிகையில் ஆயிரம் கதவுகள். "மிளகுதூளும் போட்டுப் பாத்தீங்களா? மாமி, யூ ஆர் அ சயன்டிஸ்ட்," என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்தாள். சிரித்ததாலோ அழுததாலோ, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை திரும்பவும் தொடங்கினாள். நான் தொடாத பின்வரிசைப் போத்தல்கள்தான். ஆனாலும் மருந்துத் தண்ணீரால் இன்னொருமுறை அலசினாள். நான் துணியால் துடைக்கப் போனேன், தடுத்தாள். "ஈரம் இருக்கட்டும் மாமி. காய்ஞ்ச கண்ணாடியிலயும் துணித் தும்பிலயும் காஸ் பிடிச்சுக்கொள்ளும்." குளிர்ந்த போத்தல், குளிர்ந்த பியர், காஸ் மிகக் குறைவு, குழாய் அடியைத் தொட்டபடி. நான் போத்தலைச் சரித்துப் பிடித்தேன். விரதக்காரி, வெள்ளிக்கிழமை, கையில் பியர்ப் போத்தல். முருகன் மேலே, கோட்டுக்கு அந்தப் பக்கம்.

மெதுவாக ஏறியது. கழுத்துக்கு வந்ததும் அவள் குழாயை எடுத்துப் போத்தலை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் நுரை எழும்பி வாயை மூடியது. நான் பயந்துபோனேன்.

"இது வேணும் மாமி. நுரை காத்தை வெளியில தள்ளிப்போடும். அதுக்கு மேலதான் மூடவேணும். காத்து உள்ள நிண்டால் பியர் பழசாப்போம்."

இவ்வளவு பாடுபட்டு அடக்கிய நுரையில் கடைசியில் ஒரு துளி வேண்டுமாம். அது எனக்குப் பிடித்திருந்தது. மூடியை வைத்து, கைப்பிடியை இறக்கி, டக்கென்று அமுக்கினாள்.

கெக் ஐந்து போத்தலோடு புர்ரென்று காற்று விட்டது. ஆறாவது பாதி. முந்தின நாள் என் கணவர் நிரப்பிய கைராசிப் போத்தல் மூடாமல் கிடந்து காஸ் போய்விட்டது, அதைச் சேர்க்க ஏலாது. நான் வீணாக்காவிட்டால் ஆறு இருந்திருக்கும். அவள் ஐந்தைப் பெட்டியில் அடுக்கினாள். "ஐஞ்சு எண்டு உண்மையைச் சொல்லுவன்," என்றாள்.

புறப்படும்போது என்னிடம் திரும்பி, "இப்ப போடுங்கோ மாமி. வெளியில மட்டும்," என்று பெட்டியை நீட்டினாள். நான் திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசினேன். போகிற வழியில் துடைத்தாளோ தெரியாது. நான் கேட்கவில்லை.

அடுத்த கிழமை கூப்பிட்டார்கள். ஏன் ஐந்து என்று கேட்டார்களாம். மாமியார் சாமி கும்பிட்டுப் போத்தலுக்குள் சாம்பல் போட்டுவிட்டார், அதைக் கண்டுபிடித்ததும் அவர்தான் என்று சொன்னாளாம். அவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்களாம். வேலை கிடைத்தது. முதல் மூன்று மாதம் கெக் கழுவினாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். போத்தல் அடைக்கிற பகுதி முழுக்க இப்போது அவள் பொறுப்பில்.

இனி நான் கூசுகிற பகுதி. என் கணவர் இதைக் கோயிலில் ஒருவரிடம் பகிடியாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வருடம் கழித்து, அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அக்கா திரும்பி எனக்கே சொன்னார். "உமக்குத் தெரியுமே? ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு மருமகள் வீட்டுக்குள்ள சாராயம் காய்ச்சியிருக்கிறாள். மாமியார் பொறுக்கேலாமல் திருநீறை அள்ளிப் போட்டாவாம். நூறு போத்தலும் வெடிச்சுதாம். அவள் காலில விழுந்து அழுது எல்லாத்தையும் விட்டிட்டாள். முருகன்ர வேலையைப் பாரும்!"

நான், "ஓமோ?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அது நான்தான் என்று சொல்லவில்லை. சாம்பாரை வாங்கிக்கொண்டு போய் இருந்துவிட்டேன். அன்று வாய் திறக்காத கூச்சத்தில்தான் இத்தனை வருடமும் எழுதாமல் இருந்தேன்.

போன மாதம் ஒரு கலியாணத்தில் அதே கதை மருமகளின் காதுக்கும் போய்விட்டது. காரில் திரும்பி வரும்போது அவள் கேட்டாள். "மாமி, ட்ரூவா சொல்லுங்கோ. நான் அந்த வேலைக்குப் போகக்கூடாது எண்டு கொஞ்சம்கூட நினைக்கேல்லையா?"

கார் ஓடுகிற பிள்ளையிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். "நல்லா வரவேணும் எண்டுதான் போட்டனான். முருகன் சாட்சி. ஆனா முதல் போத்தல் பொங்கி வழிஞ்சுதே, அந்த ஒரு நிமிசம் எனக்குச் சந்தோசமா இருந்தது. சரிவராட்டி இந்தச் சாமான் வீட்டை விட்டுப் போயிடும் எண்டு. ரெண்டாவது பொங்கினபோது உம்மட முகத்தைப் பாத்தன். அதோட அந்தச் சந்தோசம் போயிட்டுது."

அடுத்த சிக்னலில் காரை நிறுத்திவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அதையும் எழுதுங்கோ," என்றாள்.

எழுதிவிட்டேன். இதை வாசிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். போத்தல் பதினொன்று, நூறு இல்லை. ஒன்றும் வெடிக்கவில்லை. யாரும் யார் காலிலும் விழவில்லை. முருகன் கோபிக்கவில்லை, மிளகுதூள் போட்டாலும் பொங்கும், வேண்டுமென்றால் இஞ்சிச் சோடாவில் போட்டுப் பாருங்கள். நான் நல்லதுக்குத்தான் போட்டேன் என்பதையும், ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடாதீர்கள்.